கூகுள் சைட்ஸ், கூகுள் ஸ்லைட்ஸ்: ஒரு அறிவியல் டீச்சரின் ஒரு வருஷக் கணக்கு

போன ஜூலையில் ஒரு திங்கட்கிழமை காலை. பிரேயருக்கு முன்னால் ஜிமெயிலைத் திறந்தால் 34 மெயில். எல்லாவற்றிலும் விஷயம் ஒன்றுதான்: இன்னார் இந்தக் கோப்பைப் பார்க்க உங்கள் அனுமதி கேட்கிறார். கேட்டவர்களில் ஒருவரையும் எனக்குத் தெரியவில்லை. ஒரு மெயில் ஏதோ மீன்கடையின் பெயரில் இருந்தது, இன்னொன்று ஒரு நடிகரின் ரசிகர் மன்றப் பெயரில், மற்றொன்றில் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் ஃபோன் நம்பர். கொஞ்ச நேரம் முழித்துவிட்டு அப்புறம்தான் புரிந்தது, இதெல்லாம் என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் அப்பாமார் ஃபோன்கள். ஞாயிறு ராத்திரி நான் பெருமையாக வெளியிட்ட வகுப்பு இணையதளத்துக்குள் போய், ஒளியியல் பாடத்தைத் தொட்டு, பூட்டின கதவில் முட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

தப்பு கருவியுடையது இல்லை, முழுக்க என்னுடையது. அதற்குப் பிறகு வருகிறேன்.

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஓர் அரசு உதவிபெறும் உயர்நிலைப்பள்ளியில் நான் பட்டதாரி ஆசிரியை. ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குத் தமிழ் வழியில் அறிவியல் எடுக்கிறேன். 22 வருஷ சர்வீஸ். எமிஸில் வருகைப் பதிவு போடுவேன், வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடம் அனுப்புவேன், அதோடு என் கணினி அறிவு முடிந்தது. வகுப்புக்கென்று ஒரு இணையதளமும், பாடத்துக்கு ஸ்லைடுகளும் நானே செய்யவேண்டும் என்று போன வருஷம் ஏப்ரலில் முடிவு செய்தேன். காரணம் லட்சியம் எல்லாம் இல்லை. வாட்ஸ்அப் குரூப்பில் எதைப் போட்டாலும் அடுத்த நாள் அது ‘குட்மார்னிங்’ படங்களுக்கு அடியில் போய்விடுகிறது. “டீச்சர், அந்த மூணாவது பாடம் ரெண்டு மார்க் கேள்வி மறுபடியும் போடுங்க” என்று மார்ச் மாதம் வரைக்கும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒரே பிடிஎஃபை ஒன்பது தடவை அனுப்பியிருக்கிறேன். பாதிப் பேர் வீட்டு ஃபோனில் இடம் இல்லாமல் டவுன்லோடும் ஆகாது.

மே மாத லீவில் டவுனில் ஒரு கணினி மையத்தில் ‘ஆசிரியர்களுக்கான இணையதள வடிவமைப்பு’ என்று 12 நாள் வகுப்புக்கு ரூ.3,000 கட்டினேன். மையத்தின் பெயர் வேண்டாம். முதல் ஆறு நாள் வேர்டில் எழுத்தைத் தடிமனாக்குவது, சாய்வாக்குவது. மிச்ச ஆறு நாள் எச்டிஎம்எல். பன்னிரண்டாம் நாள் என் கையில் இருந்தது ஒரே ஒரு பக்கம். அதில் எங்கள் பள்ளியின் பெயர் சிவப்பு எழுத்தில் வலமிருந்து இடமாக ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஓடும் எழுத்துக்கான குறியீடு இப்போதைய எச்டிஎம்எல்லில் கைவிடப்பட்ட ஒன்று என்று பிறகு தெரிந்துகொண்டேன். அந்தப் பக்கத்தை இணையத்தில் எப்படி ஏற்றுவது என்று கேட்டேன். “அது அடுத்த கோர்ஸ் மேடம்” என்றார்கள்.

எங்கள் பள்ளியில் கணக்கு எடுக்கும் தம்பி ஒருவர் உண்டு, பணிக்கு வந்து மூன்று வருஷம்தான் ஆகிறது. என் புலம்பலைக் கேட்டுவிட்டு, “அக்கா, நீங்க செங்கல் அறுக்கவா போறீங்க? வாடகைக்கு வீடு எடுத்தாப் போதுமே” என்று, குறியீடு எழுதாமலே இணையதளம் கட்ட உதவும் கூகுள் சைட்ஸைத் திறந்து காட்டினார்.

சரி, இனி விமர்சனம்.

கூகுள் சைட்ஸுக்குப் பணம் கிடையாது. ஜிமெயில் இருந்தால் போதும். திறந்தால் நடுவில் வெற்றுப் பக்கம், வலது ஓரத்தில் மூன்றே தாவல்கள்: இன்சர்ட், பேஜஸ், தீம்ஸ். ஒன்றில் பொருளை எடுத்து வைக்கிறோம், ஒன்றில் பக்கங்களை அடுக்குகிறோம், மூன்றாவதில் நிறம் மாற்றுகிறோம். ஒரு சாயங்காலத்தில் முகப்பு, இயற்பியல், வேதியியல், உயிரியல், வினாத்தாள் என்று ஐந்து பக்கம் கட்டிவிட்டேன். யூடியூபில் பாடம் பார்த்துக் கற்றுக்கொள்ள நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 2008இல் வந்த பழைய சைட்ஸ் வேறு, 2016இல் முற்றிலும் புதிதாக மாற்றி வெளியிட்ட இப்போதைய சைட்ஸ் வேறு. பழையதை மூடிவிட்டார்கள், ஆனால் அதற்கான வீடியோக்கள் இன்னும் கிடக்கின்றன. அவற்றில் காட்டும் பொத்தான் ஒன்றுகூட உங்கள் திரையில் இருக்காது. நான் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை அப்படித் தொலைத்தேன்.

சைட்ஸில் செய்ய முடியாதவை நிறைய. வருகிறவர்கள் கருத்து எழுத வசதி இல்லை. எழுத்தை இங்கே கொஞ்சம் நகர்த்தி, படத்தை அங்கே சாய்த்து வைக்க எல்லாம் விடாது, கட்டங்களுக்குள்தான் எல்லாமே. அட்டவணை வேண்டும் என்றால் நான் கூகுள் ஷீட்ஸில் போட்டு இழுத்துவந்து வைக்கிறேன். ஃபோனில் பார்க்கலாம், ஆனால் உட்கார்ந்து கட்டுவதற்குக் கணினிதான் வசதி. அழகுணர்ச்சி உள்ளவர்களுக்கு எரிச்சலாக இருக்கும். எனக்கு இந்தக் குறைகள்தான் உதவி செய்தன என்று சொல்வேன். எங்கள் பள்ளி அறிவிப்புப் பலகையில் நான்கு குண்டூசிக்கு மேல் குத்த இடம் கிடையாது, அதனால்தான் அதில் தேவையானது மட்டும் இருக்கிறது. ஓடும் எழுத்து போட இங்கே வழியே இல்லை.

நான் மிகவும் விரும்பிப் பயன்படுத்தியது ‘கொலாப்சிபிள் குரூப்’ என்ற ஒன்று. தலைப்பு மட்டும் வெளியே தெரியும், தொட்டால் உள்ளே இருப்பது விரியும். தலைப்பில் கேள்வியை எழுதி உள்ளே பதிலை வைத்தேன். ‘ஸ்நெல் விதியைக் கூறுக’ என்பது மட்டும் தெரியும். பிள்ளை மனசுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத் தொட்டால் விடை. கைடில் கேள்விக்கு அடியிலேயே பதில் இருக்கும், கண் தானாக அங்கே போய்விடும். இங்கே தொட வேண்டியிருக்கிறது, அந்த ஒரு நொடி போதும். பத்தாம் வகுப்பு இயற்பியலின் ஆறு அலகுக்கும் இரண்டு மதிப்பெண் வினாக்களை இப்படிப் போட்டு முடிக்க ஆகஸ்ட் வந்துவிட்டது. மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்கு இந்த ஒரு பக்கம் மட்டும் போதும் என்று வைத்திருக்கிறேன். அவர்களிடம் மற்ற பக்கங்களைப் பற்றிப் பேசுவதே இல்லை.

ஆகஸ்ட் வரைக்கும் ஏன் ஆயிற்று என்றால், தட்டச்சு. எங்கள் பள்ளியில் பதினைந்து வருஷ வினாத்தாள்கள் வேர்டு கோப்பாக இருக்கின்றன. எல்லாம் பாமினி எழுத்துருவில். ஒரு தாளைக் காப்பி செய்து சைட்ஸில் ஒட்டினேன். தமிழ் ஒரு எழுத்துகூட இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் காற்புள்ளியுமாக ஏதோ திட்டுவது மாதிரி ஒரு வரிசை. தமிழய்யா எட்டிப் பார்த்துவிட்டு, “என்ன டீச்சர், நம்ம பேப்பர் எல்லாம் இங்கிலீஷ் மீடியத்துக்குப் போயிட்டு?” என்றார்.

விஷயம் இதுதான். பாமினி மாதிரி பழைய எழுத்துருக்களில் கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகளே, மேலே தமிழ் உருவத்தை முகமூடி போல மாட்டியிருக்கிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் முகமூடி கழன்றுவிடும். இணையத்துக்கு, தமிழ் எழுத்துகளுக்கென்றே தனிக் குறியீடுகள் உள்ள யூனிகோடு வேண்டும். தமிழ்நாடு அரசே 2010இல் யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது, ஆனால் ஜெராக்ஸ் கடையில் வினாத்தாள் அடித்துத் தருகிறவரின் கணினிக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. பாமினியை யூனிகோடாக மாற்ற இலவச மாற்றிகள் இணையத்தில் கிடைக்கின்றன, பத்து வினாடி வேலை. மாற்றியபின் உட்கார்ந்து ஒருமுறை படித்துப் பார்க்காமல் போட்டுவிடாதீர்கள். அறிவியல் தாளில் நடுநடுவே ஆங்கிலத்தில் அடித்த அலகுகளும் வேதி வாய்பாடுகளும் இருக்கும், மாற்றி அவற்றையும் தமிழ் என்று நினைத்து மாற்றிவிடும். ஒரு தாளில் கார்பன் டை ஆக்சைடின் வாய்பாடு வாயில் நுழையாத இரண்டு தமிழ் எழுத்தாக நின்றது. பிள்ளைகள் அதையும் மனப்பாடம் செய்திருப்பார்கள்.

இனிமேல் பாமினியில் அடிப்பதில்லை என்று தமிழ்99 விசைப்பலகை பழகத் தொடங்கினேன். குறில் நெடில் எல்லாம் இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு. மூன்று வாரத்தில் கை பழகிவிட்டது. 1999இலேயே வந்த ஒன்றை 48 வயதில் கற்றுக்கொள்கிறேன்.

இப்போது அந்த 34 மெயில்.

சைட்ஸில் பக்கத்தை பப்ளிஷ் செய்தால் உலகம் முழுவதும் பார்க்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் பக்கத்தில் நான் வைத்திருந்தது ஒரு பொத்தான், அதைத் தொட்டால் திறக்கவேண்டியது ஸ்லைட்ஸ் கோப்பு. அந்தக் கோப்பு என் கூகுள் டிரைவில் தனியாக இருக்கிறது, அதற்குத் தனிப் பூட்டு. பக்கத்தைத் திறந்துவிட்டால் கோப்பும் திறந்துவிடும் என்று நான் நினைத்ததுதான் தவறு. வீட்டு வாசலைத் திறந்துவைத்துவிட்டு பீரோவின் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டேன். எனக்கு மட்டும் எல்லாம் திறந்தது, ஏனென்றால் சாவி என்னிடம்தானே இருக்கிறது.

சரிசெய்ய ஒரு நிமிஷம்தான். கோப்பைத் திறந்து, மேலே ஷேர் என்பதைத் தொட்டு, ‘ரெஸ்ட்ரிக்டட்’ என்று இருப்பதை ‘எனிஒன் வித் த லிங்க்’ ஆக்கி, பக்கத்தில் ‘வியூவர்’ என்று இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். வியூவரா எடிட்டரா என்று கட்டாயம் பாருங்கள். எடிட்டர் என்று விட்டுவிட்டால் இரவு ஒன்பது மணிக்கு யாராவது ஒரு வாண்டு உங்கள் ஸ்லைடில் இருக்கும் மெழுகுவத்திப் படத்துக்கு மீசை வரைந்து வைத்திருக்கும். அன்றிலிருந்து எதை வெளியிட்டாலும் குரோமில் இன்காக்னிட்டோ ஜன்னலைத் திறந்து, ஜிமெயிலில் நுழையாமல், ஒரு அப்பா ஃபோன் மாதிரி நடித்து, எல்லாப் பொத்தானையும் ஒருமுறை தொட்டுப் பார்க்கிறேன்.

இன்னொரு சின்ன விஷயம். சைட்ஸில் நாம் திருத்துவது வரைவில்தான். மேலே உள்ள பப்ளிஷ் பொத்தானை மறுபடி அழுத்தினால்தான் வெளியே தெரியும். அரைகுறை வேலையைப் பிள்ளைகள் பார்க்காமல் இருக்க இது நல்ல ஏற்பாடு. செப்டம்பரில் காலாண்டுத் தேர்வுப் பகுதிகளைத் திருத்திவிட்டு அழுத்த மறந்து, மூன்று நாள் ஒருவரும் படிக்கவில்லை என்று வகுப்பில் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் மெதுவாக, “டீச்சர், அதுல இன்னும் பழசுதான் இருக்கு” என்றான்.

முகவரி நீளம் ஒரு தொல்லை. சைட்ஸ், டாட், கூகுள், டாட், காம், ஸ்லாஷ், வியூ, ஸ்லாஷ் என்று கரும்பலகையில் எழுதி அதற்கப்புறம் நம் பெயர். பாதிப் பேர் தப்பாக எழுதிக்கொண்டு போனார்கள். விலைக்குச் சொந்த முகவரி வாங்கி இணைக்கலாம், வருஷா வருஷம் பணம் கட்டவேண்டும், நான் வாங்கவில்லை. குரோமிலேயே பக்கத்துக்கு கியூஆர் கோடு உருவாக்கும் வசதி இருக்கிறது. அதை எடுத்து ஒரு தாளில் 20 சின்னக் கட்டமாக அடித்து, வெட்டி, ஒவ்வொருவர் அறிவியல் நோட்டின் உள்ளட்டையிலும் ஒட்டச் சொன்னேன். 2018இல் பாடப்புத்தகங்கள் மாறியதிலிருந்து கியூஆர் கோடை ஸ்கேன் செய்வது பிள்ளைகளுக்குப் பழக்கம்தான், தீக்‌ஷா என்ற அரசுப் பாடத் தளத்துக்குப் போகும் அதே பழக்கத்தில் இங்கே வந்தார்கள். நாடியவர்கள் பெரும்பாலும் இரவு எட்டிலிருந்து பத்துக்குள். தீப்பெட்டி ஆபீஸிலிருந்தோ மில்லிலிருந்தோ அப்பா திரும்பி, ஃபோன் கைக்கு வரும் நேரம் அது.

படங்கள் பற்றி. சுதந்திர தின விழாவில் எடுத்த போட்டோக்களை முகப்பில் போட்டிருந்தேன். ஒரு பிள்ளையின் அம்மா பள்ளிக்கு வந்து, “டீச்சரம்மா, எங்க பாப்பா படம் வேண்டாம், எடுத்துருங்க” என்றார். காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அன்றே எல்லாப் பிள்ளைகளின் படத்தையும் எடுத்துவிட்டேன். 2023ஆம் வருஷத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவர்களின் தகவலுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது, அது எனக்குப் பிறகுதான் தெரியும். சட்டம் இருக்கட்டும், கேட்டுவிட்டுப் போட்டிருக்க வேண்டும். இப்போது பிள்ளைகளின் கைவேலை, மாதிரிகள், விரல்கள் மட்டும்தான் படத்தில் இருக்கும், முகம் கிடையாது. பப்ளிஷ் செய்யும்போது, தேடுபொறிகளில் என் தளத்தைக் காட்டவேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் ஒரு சின்னக் கட்டம் வரும். அதிலும் டிக் போட்டு வைத்திருக்கிறேன். என் வகுப்பு என் பிள்ளைகளுக்குத்தான்.

ஸ்லைட்ஸுக்கு வருவோம். இங்கேதான் நான் நிறைய முட்டாள்தனம் செய்தேன், நிறையக் கற்றும் கொண்டேன்.

முதலில் நான் செய்த பிபிடி, இயக்க விதிகள் பாடத்துக்கு, 41 ஸ்லைடு. பாடப்புத்தகத்தின் ஒவ்வொரு பத்தியும் ஒவ்வொரு ஸ்லைடில். நீலப் பின்னணியில் மஞ்சள் எழுத்து, ஒவ்வொரு வரியும் ஒவ்வொரு பக்கத்திலிருந்து பறந்துவந்து உட்காரும். ஹைடெக் லேபில் போட்டுக் காட்டினேன். நான் வாசித்தேன், அவர்கள் எழுதிக்கொண்டார்கள். மணி அடித்தபோது 19ஆவது ஸ்லைடில் நின்றோம். வெளியே போகும்போது ஒரு பெண் பிள்ளை கேட்டாள்: “டீச்சர், இதைப் புக்குல பார்த்தே வாசிச்சிருக்கலாம்ல?” அவள் குறும்புக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே சந்தேகம்.

அந்தக் கேள்வியோடு தேடிப் படித்ததில், ரிச்சர்ட் மேயர் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைப் பல வருஷம் சோதனை செய்து பார்த்திருக்கிறார் என்று தெரிந்தது. படமும் பேச்சும் சேர்ந்தால் நன்றாகப் பதிகிறது. பேசும் அதே வாக்கியங்களைத் திரையில் எழுத்தாகவும் போட்டால் பதிவது குறைகிறது. கண் எழுத்தின் பின்னால் ஓடிவிடுகிறது, படத்துக்கு ஆள் இல்லை. சுருக்கமாக, வாய் இருக்கும்போது எழுத்து எதற்கு. ஆனால் ‘ஒளிவிலகல் எண்’ போன்ற புதுச் சொல்லைத் திரையில் ஒருமுறை பெரிதாகப் பார்க்காத பிள்ளை அதை நோட்டில் நான்கு விதமாக எழுதுகிறது, ஆகவே கலைச்சொல் மட்டும் என் ஸ்லைடில் இருக்கும்.

ஒளியியலில் குவிலென்சு வருகிறதே, பொருளின் ஆறு நிலைகள், ஆறு பிம்பங்கள். எல்லா வருஷமும் அட்டவணையாக மனப்பாடம் செய்யவைத்த பாடம். அதற்கு ஸ்லைட்ஸில் முதன்மை அச்சு ஒரு கோடு, நடுவில் லென்சு, இரு பக்கமும் குவியப் புள்ளிகள், ஒரு மெழுகுவத்தி. அவ்வளவுதான் முதல் ஸ்லைடு. அதை கன்ட்ரோலும் ‘டி’யும் (D) அழுத்திப் பிரதியெடுத்து, மெழுகுவத்தியை மட்டும் லென்சை நோக்கிக் கொஞ்சம் நகர்த்தினேன். மறுபடி பிரதி, இப்போது பிம்பம் சேர்ந்துகொள்ளும். இப்படியே ஆறு நிலைக்கும், ஒவ்வொன்றுக்கும் கேள்விக்கு ஒரு ஸ்லைடு, பதிலுக்கு ஒரு ஸ்லைடு என 12. பவர்பாயிண்டில் ‘மார்ஃப்’ என்று ஒன்று இருக்கிறது, அதில் மெழுகுவத்தி தானாக நகர்ந்துபோகும். ஸ்லைட்ஸில் அது இல்லை. இல்லாததும் நல்லதற்கே என்று பட்டது. நகர்வுக்கு நடுவில் நான் நிற்க முடிந்தது. அம்புக்குறியை அழுத்தினால் மெழுகுவத்தி ஒரு எட்டு வைக்கும், பிம்பம் இன்னும் வரவில்லை. “எங்க வரும்? பெருசா, சின்னதா? நேரா, தலைகீழா?” வகுப்பு கத்தும். அடுத்த அழுத்தில் விடை.

குவியத் தூரத்தின் இரு மடங்கில் வைத்தபோது அதே அளவு, தலைகீழ். ஒரு எட்டு உள்ளே வந்ததும் பிம்பம் பெரிதாகி அந்தப் பக்கம் தள்ளிப் போனது. மெழுகுவத்தியைச் சரியாகக் குவியத்தில் வைத்துவிட்டு அழுத்தினேன். திரையில் ஒன்றுமே வரவில்லை. “டீச்சர், பிம்பம் எங்க?” “ஈறிலாத் தொலைவுக்குப் போயிட்டு.” “வெளியூருக்கா?” ஒரே சிரிப்பு. அடுத்தது குவியத்துக்கும் லென்சுக்கும் நடுவில். பிம்பம் இந்தப் பக்கமே திரும்பிவந்து, நேராக, பெரிதாக நின்றது. பின்னாலிருந்து ஒருவன் எழுந்து “பூதக்கண்ணாடி!” என்றான். 22 வருஷமாக மாய பிம்பத்துக்கு உதாரணமாக நான்தான் அந்தச் சொல்லைச் சொல்லிவந்தேன்.

அதே பாடத்துக்கு இணையதளப் பக்கத்தில் ஃபெட் என்ற பாவனையாக்கம் ஒன்றைப் பொருத்தினேன். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில், இயற்பியலுக்கு நோபல் வாங்கிய கார்ல் வீமன் 2002இல் தொடங்கிய திட்டம் அது. இலவசம். அவர்கள் தரும் பொருத்து நிரலைக் காப்பி செய்து, சைட்ஸில் இன்சர்ட், எம்பெட் என்று போய் ஒட்டினால் பக்கத்துக்குள்ளேயே லென்சு வந்து உட்காரும். விரலால் பொருளை இழுத்தால் பிம்பம் ஓடும். வகுப்பில் நான் பன்னிரண்டு அழுத்தில் காட்டியதை ராத்திரி அப்பா ஃபோனில் அவர்களே இழுத்துப் பார்த்திருக்கிறார்கள்.

ஸ்லைட்ஸில் தமிழுக்கு எழுத்துருப் பஞ்சம் இல்லை. எழுத்துருப் பட்டியலில் ‘மோர் ஃபாண்ட்ஸ்’ போய், எழுத்து வகையில் தமிழ் என்று தேர்ந்தால் ஒரு கூட்டமே வரும். முக்தா மலர், ஹிந்த் மதுரை, கட்டமரான், கவிவனார், பலூ தம்பி. நான் பத்தி எழுத்துக்கு முக்தா மலரும் தலைப்புக்குப் பலூ தம்பியும் வைத்திருக்கிறேன். கவிவனார் கையெழுத்து மாதிரி அழகாகச் சாய்ந்திருக்கும், கடைசி பெஞ்சுக்குத் தெரியாது. ஆயத்த டெம்ப்ளேட்டுகள் எல்லாம் குட்டிக் குட்டி ஆங்கிலச் சொல்லை நினைத்துச் செய்தவை. அந்தத் தலைப்புப் பெட்டியில் ‘மின்காந்தத்தூண்டல்’ என்று எழுதிப் பாருங்கள், நடுவில் ஒடிந்து தொங்கும். வெற்று வெள்ளை டெம்ப்ளேட்டை எடுத்து, வரி இடைவெளியை 1.15 ஆக்கி, எழுத்தை 32க்குக் கீழே விடாமல் வைத்துக்கொண்டேன். எங்கள் லேபில் ஜன்னலுக்குத் திரை இல்லை, அந்த வெளிச்சத்தில் கறுப்புப் பின்னணி எடுபடவே இல்லை. வெள்ளையில் கறுப்பு எழுத்துதான் தெரிகிறது.

வேதியியலுக்கு ஒரு குறிப்பு: கன்ட்ரோலையும் காற்புள்ளியையும் சேர்த்து அழுத்தினால் எழுத்து கீழே இறங்கும், கன்ட்ரோலும் முற்றுப்புள்ளியும் என்றால் மேலே ஏறும். வாய்பாடும் அடுக்கும் அடிக்க இது போதும். ஆனால் பின்னக் கோடு போட்ட சமன்பாடு எழுத ஸ்லைட்ஸில் கருவி இல்லை. இது அறிவியல், கணக்கு ஆசிரியர்களுக்குப் பெரிய குறை. லென்சு சமன்பாட்டை நான் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதி, ஃபோனில் படம் எடுத்து, அதை ஸ்லைடில் ஒட்டினேன். பார்க்க நன்றாகவே இருந்தது. இணையத்திலிருந்து எடுக்கும் படங்களைவிட டீச்சர் கையெழுத்துக்குப் பிள்ளைகளிடம் மரியாதை அதிகம்.

வகுப்பில் காட்டும்போது எனக்கு ரொம்பப் பிடித்த பொத்தான் ‘பி’ (B). காட்சி ஓடும்போது அதை அழுத்தினால் திரை முழுக்கக் கறுப்பாகிவிடும், எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பும். பேசி முடித்து வேறு பொத்தானைத் தொட்டால் படம் திரும்ப வரும். பிடிக்காத அனுபவம், பிரசென்டர் வியூ. அதில் நமக்கான குறிப்புகள் நம் திரையில் மட்டும் தெரியவேண்டும். விண்டோஸ் பொத்தானையும் இன்னொரு ‘பி’யையும் (P) சேர்த்து அழுத்தி ‘எக்ஸ்டெண்ட்’ என்று மாற்றவேண்டும் என்று எனக்குத் தெரியாது. ‘இங்கே சோடாபுட்டிக் கதை சொல்லிச் சிரிக்கவைக்கவும்’ என்று நான் எழுதிவைத்திருந்தது எட்டடி அகலத்தில் சுவரில் தெரிந்தது. கதையே வேண்டாம் என்னும் அளவுக்குச் சிரித்தார்கள்.

கரண்டும் நெட்டும் எங்கள் ஊரில் எப்படி என்று சொல்லத் தேவையில்லை. முதல் நாள் ராத்திரியே ஸ்லைடுகளை பிடிஎஃபாக இறக்கி பென்டிரைவில் வைத்துக்கொள்கிறேன். பவர்பாயிண்ட் கோப்பாகவும் இறக்கலாம், ஆனால் நம் எழுத்துரு அந்தக் கணினியில் இல்லையென்றால் வேறு எழுத்துரு ஏறி, வரிகள் இடம் மாறிவிடும். பிடிஎஃபில் அந்தப் பயம் இல்லை. புரொஜக்டர் பழையதாக இருந்தால் ஃபைல், பேஜ் செட்டப் போய் 4:3 அளவுக்கு மாற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். எல்லாம் முடித்துவிட்டு மாற்றினால் படங்களின் இடமும் அளவும் மாறிப்போகலாம்.

கேன்வா எப்படி என்று பலர் கேட்டார்கள். ஆசிரியர் என்று சான்று காட்டினால் கல்விக் கணக்கு இலவசம், படங்கள் கொள்ளை அழகு. ஆண்டு விழா அழைப்பிதழ் அதில்தான் செய்தேன். பாடத்துக்குப் போனால் எந்த டெம்ப்ளேட் என்று தேர்ந்தெடுப்பதிலேயே எனக்கு ராத்திரி பதினொரு மணி ஆகிவிடுகிறது, லென்சு வரையவே இல்லை. நிறைய நேரமும் நல்ல ரசனையும் உள்ளவர்கள் அதற்குப் போகலாம். வேர்ட்பிரஸ், பிளாக்கர் எல்லாம் நாள் வரிசையில் எழுதிக்கொண்டே போக நல்லவை. எனக்கு வேண்டியது ஜூனில் போட்டது மார்ச்சிலும் அதே இடத்தில் இருப்பது. அதற்கு சைட்ஸ்தான் தோது.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால் சைட்ஸுக்கு நாலு, ஸ்லைட்ஸுக்கு மூன்றரை. அந்தச் சமன்பாட்டுக் கருவி மட்டும் இருந்திருந்தால் ஸ்லைட்ஸுக்கும் நாலு போட்டிருப்பேன். ஓடும் எழுத்துக்குக் கட்டிய ரூ.3,000க்கு மதிப்பெண் கிடையாது.

இந்த ஜூனில் புதுப் பத்தாம் வகுப்புக்காகப் பழைய தளத்தை ‘மேக் எ காப்பி’ கொடுத்து அப்படியே பிரதியெடுத்துக்கொண்டேன், தேதிகளை மாற்றினேன், தவறுகளைத் திருத்தினேன், இரண்டு நாள் வேலை. போன வாரம் தமிழய்யா ஒரு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஓய்வுபெற இன்னும் மூன்று வருஷம்தான் இருக்கிறதாம், செய்யுள் பகுதிக்கு அவருக்கும் ஒரு தளம் வேண்டுமாம், முதலில் எதைக் கற்றுக்கொள்ளவேண்டும் என்று கேட்டார். நான் சைட்ஸைத் திறக்கவில்லை. அவர் டிரைவில் கிடந்த ஏதோ ஒரு கோப்பைத் திறந்து, மேலே மூலையில் இருக்கும் ஷேர் பொத்தானைக் காட்டினேன்.